பிளேட்லெட்டுக்கு நாலு வரி மேலே

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் என் கைபேசியில் ரத்தப் பரிசோதனைத் தாள்களின் படங்கள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். நான் லேபில் வேலை பார்ப்பது எங்கள் பெரம்பூர்த் தெரு முழுக்கத் தெரியும். அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "கவுன்ட் எவ்வளவு இருக்கு?" மழைக்காலத்துச் சென்னையில் கவுன்ட் என்றால் பிளேட்லெட் மட்டும்தான். தாளில் இருபது வரி அச்சாகியிருந்தாலும் மற்றப் பத்தொன்பதையும் யாரும் சீண்டுவதில்லை.

போன வருஷம் எதிர்வீட்டு அக்காவின் மகனுக்கு டெங்கு. பதினான்கு வயசுப் பையன். காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் காலையில் அக்கா போன் செய்தார். "தம்பி, நேத்து ராத்திரியோட ஜுரம் விட்டுடுச்சு. ஆனா கவுன்ட் எண்பத்தி நாலாயிரம்னு வந்திருக்கு. பிளேட்லெட் ஏத்தணுமா? பப்பாளி இலைச் சாறு குடுத்துட்டுதான் இருக்கேன்."

அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 84,000 என்னைப் பயமுறுத்தவில்லை. அதற்கு நாலு வரி மேலே பி.சி.வி. என்று ஒரு வரி, அதில் 46. இரண்டு நாள் முன்பு எடுத்த தாளில் அதே இடத்தில் 38.

"வயித்து வலி, வாந்தி ஏதாவது இருக்காக்கா?"

"ராத்திரி பூரா வயிறு வலிக்குதுன்னு புரண்டுட்டே இருந்தான். இலைச் சாறு ஒத்துக்கலையோன்னு நெனச்சேன்."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அந்த 38 எப்படி 46 ஆனது, அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு, ரத்தம் என்றால் என்ன என்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

காலையில் ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை அசைக்காமல் ஸ்டாண்டில் விட்டுவைத்தால், மதியச் சாப்பாடு முடிந்து திரும்புவதற்குள் அது தானாகவே பிரிந்து நிற்கும். அடியில் கருஞ்சிவப்பாக ஒரு படிவு. மேலே இளமஞ்சளாகத் தெளிந்த நீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஆறின பாலில் ஆடை படிந்தது போல, வெளிறிய மெல்லிய கோடு ஒன்று. அடியில் இருப்பவை சிவப்பணுக்கள். கோடாகத் தெரிபவை வெள்ளையணுக்களும், ஊரே விசாரிக்கும் அந்தப் பிளேட்லெட்டுகள் என்ற தட்டணுக்களும். இரண்டும் சேர்ந்து நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மேலே நிற்கும் மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் அதுவே. குழாயின் மொத்த உயரத்தில் சிவப்புப் படிவு நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதுதான் பி.சி.வி.

உதிரம், குருதி, செந்நீர் என்று ரத்தத்துக்குத் தமிழில் பல பெயர்கள். எனக்குப் பிடித்தது செந்நீர். அந்தச் சொல்லில் நீர்தான் பெயர், செம்மை அதற்கு ஒட்டிய அடை. நாமோ நிறத்தையே பொருளாக எடுத்துக்கொண்டோம். பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும், மாதுளை ஜூஸ் குடித்தால் ரத்தம் ஏறும் என்று நம்புவதெல்லாம் அந்த நிறம் செய்யும் மயக்கம்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வீட்டு வாசலுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் கால் கேன். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா. பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பிளாஸ்மாவில் ஏழு சதவீதம் போலப் புரதங்கள். அவை போக உப்புகள், சர்க்கரை, கொழுப்பு, ஹார்மோன்கள், சிறுநீரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் யூரியா என்று எல்லாமே அந்தத் தண்ணீரில்தான் பயணம் செய்கின்றன. வெறும் வயிற்றில் வரச் சொன்னதை மறந்து, நெய்ப்பொங்கலும் வடையும் முடித்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வருகிறவரின் பிளாஸ்மா மோர் கலந்தது போலக் கலங்கி நிற்கும். அவர் ஒளித்தாலும் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் காமாலை கண்டவருடையது நல்லெண்ணெய் நிறத்துக்குப் போயிருக்கும்.

இந்தத் தண்ணீரின் உப்பு அளவு நூல் பிடித்தது போல இருக்க வேண்டும். மெரினாவில் அலை அடித்து வாய்க்குள் போகிறதே, அந்தக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பிளாஸ்மாவுக்கு ஈடாகத் தயாரிக்கும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம். இதை ஏற்றுவதைத்தான் நம்மூரில் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்கிறோம். பல நேரம் அந்தப் பாட்டிலில் குளுக்கோஸ் துளிகூட இருக்காது. உப்பில்லாத வெறும் தண்ணீரை ரத்தக்குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் அதை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். கடல்நீரை ஏற்றினால் வற்றல் போலச் சுருங்கிவிடும்.

பிளாஸ்மாவின் புரதங்களில் பாதிக்கு மேல் ஆல்புமின். கல்லீரல் தயாரிப்பது. நுண்குழாய்களின் சுவரில் உள்ள இடுக்குகள் வழியே தண்ணீரும் உப்பும் வெளியே போய்வரும். ஆல்புமின் பெரிய மூலக்கூறு என்பதால் உள்ளேயே தங்கிவிடும். தங்குவது மட்டுமில்லை, வெளியே போன தண்ணீரைத் தன் பக்கம் திரும்ப இழுக்கும். இதயம் தள்ளும் அழுத்தத்தில் வெளியேறுகிற நீரை ஆல்புமின் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் ரத்தம் குழாய்க்குள் ரத்தமாக நிற்கிறது. கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டு ஆல்புமின் குறைந்தவர்களுக்குக் கால் வீங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் குழியில் இருப்பது ரத்தத்தை விட்டு வெளியேறிய தண்ணீர். இந்த ஆல்புமின் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பையனிடம் திரும்பும்போது தேவைப்படும்.

இப்போது சிவப்புக்கு வருவோம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் நடுவில் இருபுறமும் குழிந்த தட்டு, குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கரு இருக்கும். வெளியே வருமுன் அதைத் துப்பிவிடும். நெரிசலான பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு நிற்க இடம் பண்ணியது மாதிரி, அந்த இடமெல்லாம் ஹீமோகுளோபினுக்கு. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள், ஒவ்வொரு இரும்பும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். 100 மில்லி ரத்தம் இப்படி 20 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கிறது. தண்ணீரில் கரைந்து போவது வெறும் 0.3 மில்லி. சிவப்பணு இல்லாமல் தண்ணீரால் ஆகாத வேலை இது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திரும்பி வரும் வழியைப் பாருங்கள். உடம்பு வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 70 சதவீதம் பைகார்பனேட் என்ற உப்பாக மாறி, பெரும்பாலும் பிளாஸ்மாவில் கரைந்துதான் நுரையீரலுக்குப் போய்ச்சேருகிறது. மாற்றிக் கொடுப்பது சிவப்பணு, சுமப்பது தண்ணீர். சித்திரை வெயிலில் உடம்பின் உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும், வியர்வையாகச் சிந்துவதற்குத் தன்னையே கொடுப்பதும் அதே தண்ணீர்தான்.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். வினாடிக்கு 20 லட்சத்துக்கு மேல் செத்து, அதே அளவு பிறக்கின்றன. செத்தவை எங்கே போகின்றன? புதுப்பேட்டை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஓடி ஓய்ந்த வண்டி அங்கே போனால் போல்ட் நட்டு உட்பட எதுவும் வீணாகாது. மண்ணீரல்தான் நம் உடம்பின் புதுப்பேட்டை. அங்கும் கல்லீரலிலும் பழைய சிவப்பணுவைப் பிரித்துப்போட்டு, இரும்பை எடுத்து மஜ்ஜைக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சத்தில் உண்டாகும் மஞ்சள் கசடு பிலிரூபின். பிளாஸ்மாவின் மஞ்சளில் அதற்கும் பங்குண்டு. புது ரத்தம் செய்ய நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதில் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், மற்றதெல்லாம் பழைய இரும்பு. அதனால்தான் மாதாமாதம் ரத்தம் இழக்கும் பெண்களுக்குக் கணக்கு சீக்கிரம் உதைக்கிறது. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. முருங்கைக் கீரையைச் சாப்பிட்ட கையோடு டிகிரி காபியைக் குடித்தால் கீரையின் இரும்பு உடம்பில் சேர்வது குறைந்துவிடும். ஒரு துண்டு நெல்லிக்காய் சேர்த்தால் கூடும்.

இரும்பு மட்டும் போதாது, ஃபோலிக் அமிலமும் வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பணு பிரிந்து பெருகாமல் பொதபொதவென்று பெரிதாகி நின்றுவிடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இந்த மாத்திரைக்குப் பின்னால் நம்மூர் ஆள் ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற சிறிய தகுதியோடு வெளியேறினார். அமெரிக்கா போய், லெடர்லே நிறுவனத்தில் 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தினார். அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருளையும் அவர்கள் செய்தார்கள். 1948ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டியது அதை வைத்துத்தான். சுப்பாராவ் அந்த வருஷமே இறந்துவிட்டார். சென்னையில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

தாளில் எச்.பி. என்று வரும் ஹீமோகுளோபின் எண்ணையும் தனியாகப் படித்தால் ஏமாந்துபோவோம். அது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற விகிதம். தண்ணீர் கூடினால் எண் குறையும், தண்ணீர் குறைந்தால் எண் ஏறும். கர்ப்பிணிக்குப் பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை கூடும், சிவப்பணு அந்த அளவுக்குக் கூடாது. ஆகவே எச்.பி. இயல்பாகவே இறங்கும், அதனால்தான் மற்றப் பெண்களுக்கு 12க்குக் கீழே ரத்தசோகை என்று வைத்த உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கு 11, நடு மூன்று மாதங்களில் 10.5 என்று வைத்திருக்கிறது. மறுபக்கம், வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவரின் எச்.பி. பார்க்க அமோகமாக இருக்கும். சலைன் ஏற்றியதும் இரண்டு புள்ளி இறங்கும். "ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொறஞ்சிடுச்சு" என்று சண்டைக்கு நிற்பார்கள். குறைந்தது எதுவும் இல்லை, முன்பிருந்த எண்தான் பொய்.

ரத்த வகையிலும் இந்த இரண்டு பக்கக் கதை உண்டு. 1901ல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்டது, சிவப்பணுவின் மேலிருக்கும் முத்திரையைப் பற்றி மட்டுமில்லை. எதிர் முத்திரையைத் தாக்கும் பொருள் பிளாஸ்மாவில் இருப்பதையும் சேர்த்துத்தான். சிவப்பணுவை யாருக்கும் கொடுக்கக்கூடியவர் ஓ நெகட்டிவ் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்மா கொடுப்பதில் கதை தலைகீழ், அங்கே பொதுக் கொடையாளர் ஏ.பி. வகைக்காரர்.

வெள்ளையணுக்களை இங்கே விரித்தால் கட்டுரை முடியாது. ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும் காவலர்கள் என்ற அளவில் விடுகிறேன். டெங்குவில் பெரும்பாலும் முதலில் குறைவது இவைதான், பிளேட்லெட் அதற்குப் பிறகே இறங்கும்.

தட்டணுவை முழு அணு என்றே சொல்ல முடியாது. மஜ்ஜையில் இருக்கும் ராட்சத அணுக்களிலிருந்து பிய்ந்துவரும் துணுக்கு. ஆயுள் ஏழு முதல் பத்து நாள். மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. ரத்த வங்கியில் சிவப்பணுப் பை குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும், பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருஷம். தட்டணுவை மட்டும் குளிரவைக்கக் கூடாது. 22 டிகிரியில், தொட்டிலில் போட்டது போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியும் ஐந்து நாள்தான். சுரைக்காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால், கிழிந்த குழாய்ச் சுவரில் கொலாஜன் என்ற புரத நார் வெளியே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் தட்டணு அந்த நாரில்தான் ஒட்டிக்கொண்டு அடைப்பைத் தொடங்குகிறது. மூன்று புரிகளாக முறுக்கிய கயிறு போன்ற அந்த நாரின் அமைப்பை உலகுக்குச் சொன்னது கிண்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் அதை வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்குக் கங்காரு வால் தசைநாண் வாங்கிக் கொடுத்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம்.

ஒட்டிய தட்டணுக்கள் தற்காலிகச் சாக்குமூட்டைதான். ஏரிக் கரை உடைந்த இடத்தில் மூட்டை போட்ட பிறகு நிற்கவைக்க வலை வேண்டாமா? அந்த வலை பிளாஸ்மாவில் இருக்கிறது. ஃபைப்ரினோஜன் என்ற கரையும் புரதம், தேவைப்பட்ட கணத்தில் ஃபைப்ரின் என்ற கரையாத இழையாக மாறிப் பின்னிக்கொள்ளும். இதற்குக் கால்சியம் தேவை. ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்து அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அதில் ரத்தம் உறைவதில்லை.

இந்த வலையின் அருமை தெரிய வேண்டுமானால் கண்ணாடி விரியன் கடித்துவந்தவரிடம் செய்யும் சோதனையைப் பார்க்க வேண்டும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். பிளாஸ்டிக் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது. கையால் தொடாமல் இருபது நிமிடம் வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை சாய்ப்போம். உறைந்திருந்தால் கட்டி அப்படியே நிற்கும். விரியன் விஷம் ஏறியிருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும். விஷம் உறைதலைத் தடுக்கவில்லை. மாறாக, உடம்பு முழுக்கத் தேவையில்லாமல் தூண்டிவிட்டு இருந்த ஃபைப்ரினோஜனையெல்லாம் தீர்த்துவிட்டது. தட்டணு லட்சக்கணக்கில் இருந்தும் வலை போட நூல் இல்லை. அதற்கான மருந்தும் பிளாஸ்மாதான்: மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும், 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கும் நஞ்சை, சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்பொருள்.

பையனிடம் வருவோம். டெங்குவில் சிலருக்கு, காய்ச்சல் விடும் சமயத்தில், நுண்குழாய்களின் உட்சுவர் நெகிழ்ந்துவிடுகிறது. உள்ளே தங்க வேண்டிய ஆல்புமினும் வெளியேறும், அது பிடித்துவைத்திருந்த தண்ணீரும் கூடவே போகும். வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் நீர் கோக்கும். சிவப்பணுக்கள் வெளியேற முடியாது என்பதால் உள்ளே அவற்றின் பங்கு ஏறும். 38 அப்படித்தான் 46 ஆனது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம். புதிதாக ஒரு சிவப்பணுவும் பிறக்கவில்லை, தண்ணீர்தான் போய்விட்டது. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இந்தக் கசிவு பொதுவாக ஒன்று இரண்டு நாள் நீடித்து, சுவர் சரியானதும் தானே நிற்கும். அதுவரை அளந்து அளந்து நீர் ஏற்றிக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்காதவரை டாக்டர்கள் பொதுவாகத் தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிப்பதில்லை. பப்பாளி இலைக்குக் கவுன்ட் ஏறுகிறதா என்று வாதாடுகிறவர்களிடம் நான் மல்லுக்கட்டுவதில்லை. கவுன்ட் ஏறுவது வேறு, கசிவு நிற்பது வேறு.

அன்று மதியமே பையனை வார்டில் சேர்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.சி.வி. பார்த்துச் சலைன் அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். ஏழாம் நாள் காலை அக்கா இன்னொரு படம் அனுப்பினார். பி.சி.வி. 39. பிளேட்லெட் 52,000.

"தம்பி, கவுன்ட் இன்னும் எறங்கிடுச்சே! சலைனையும் கழட்டிட்டாங்க. இவங்க சரியாப் பாக்குறாங்களா?"

"சரியாத்தான் பாக்குறாங்கக்கா. பையன் என்ன பண்றான்?"

"பசிக்குதுன்னு கத்துறான். இட்லி வேணுமாம்."

"வாங்கிக் குடுங்க."

மறுநாள் கவுன்ட் தானாக 78,000 ஆகியிருந்தது. யாரும் எதையும் ஏற்றவில்லை.